காற்று வரும் பக்கத்து முடிச்சு

பட்டென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு பட். டெம்போவுக்குள் சாக்கு மூட்டைமேல் சுருண்டு படுத்திருக்கும்போது இது காதில் விழுந்தால், கண்ணைத் திறக்கும் முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிடும். ஏதோ ஒரு மூலைக் கயிறு தளர்ந்திருக்கிறது. துணிக்கு அடியில் காற்று கையை விட்டுப் பார்க்கிறது. பந்தல் தொழிலில் காதுக்குத்தான் முதல் வேலை, கை காலெல்லாம் அப்புறம்.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் சரோஜாக்காவின் ஷாமியானா கடையில் வேலை எனக்கு. பெயர் ஏழுமலை, எல்லோருக்கும் மலை. எங்கள் பக்கத்துச் சந்துகளில் பகலில் பந்தல் போட்டால் ஆட்டோக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால் ஊர் அடங்கிய பிறகு கட்டி, ஊர் எழுவதற்குள் பிரிப்பது வழக்கம். கட்டும்போது கல்யாண வீட்டார் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பிரிக்கப் போகும்போது கிளம்பிப் போயிருப்பார்கள். எத்தனையோ பேருக்குக் கூரை போட்டிருக்கிறேன், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தது அபூர்வம். பகலில் எனக்குத் தூக்கம் வராது. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பூகோளப் புத்தகத்தையும், காற்றை அம்புக்குறியாகக் காட்டும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டு, வானம் கறுத்ததும் படியேறி ஓடியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் எங்கள் கூட்டம்தான். இதெல்லாம் உங்களுக்குத்தான்.

போன வருஷம் ஆனி மாதத்தில் அக்காவின் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சித்திரையில் தேதி. மாப்பிள்ளைக்கு பீன்யாவில் வேலை. அவருடைய அம்மா மண்டபம் பிடித்துவிடலாம் என்றார். அக்கா கேட்கவில்லை. அவள் புருஷன் இறந்த பிறகு அந்தக் கடையைத் தனியாக இழுத்துவந்தவள். "ஊரே நம்ம துணிக்குக் கீழ கல்யாணம் பண்ணுது. என் பொண்ணு மட்டும் வேற எவனோ கட்டின கூரைக்குக் கீழ நிக்கணுமா?" என்றாள். சம்பந்தியம்மா யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் காற்று மழையில் ஏதாவது ஆகிவிட்டால் பேச்சு உங்களுக்குத்தான் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "காத்துக்கு நீதான் பொறுப்பு, மலை."

ஆடியில் ஒரு பலூன்

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஸ்ரீராம்புரத்தில் மூலைக்கு ஓர் அம்மன் இருக்கிறாள், கூழ் ஊற்றும் பந்தலுக்குக் குறைவே இல்லை. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் காற்று மேற்கிலிருந்து ஒரே பிடியாக வீசும். மாடிக்கு மாடி பட்டம் பறக்கும். பட்டம் விடுகிறவர்கள் கொண்டாடுகிற அதே காற்றுதான் எங்கள் கயிறுகளை இழுத்துப் பார்க்கும்.

அப்படி ஒரு கோயிலின் கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர், எதையும் உத்தரவாகத்தான் சொல்லுவார். மூன்று பக்கமும் பக்கத்துணி கட்டி மூடு, மேற்கே வாசல் மட்டும் இருக்கட்டும், கூழில் தூசி விழக்கூடாது என்றார். காற்று நுழைந்தால் வெளியே போக வழி வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வருவதற்கு வழி தெரிந்த காற்றுக்குப் போவதற்குத் தெரியாதா என்று கேட்டார். மூடினோம். கூழ் அண்டாவைத் திறந்த நேரத்தில் ஒரு வீச்சு வந்தது. துணி வயிறு உப்பிக்கொண்டு மேலே எழும்பியது. கம்பங்கள் தரையைவிட்டு ஒரு சாண் தூக்கி நின்றன. கயிற்றைக் கட்டியிருந்த தண்ணீர் டிரம்கள் தெருவில் தேய்ந்துகொண்டு நகர்ந்தன.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் பக்கத்துக் கயிறுகளில் மட்டும் அவிழ்முடிச்சு போடுவோம், நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் கழன்றுவிடும். அந்தப் பக்கத்தை விட்டால் துணி எழும்பி, கூட்டத்தின் தலைக்கு மேலேயே புரண்டு, மறுபுறம் போய் விழுந்துவிடும். ஆளைத் தொடாது. தப்பாக எதிர்ப்பக்கத்தை விட்டால் போச்சு. துணி கொடி மாதிரி கூட்டத்துக்கு மேலேயே அடித்துக்கொள்ளும், கயிற்று நுனிகள் சாட்டையாக முகத்தில் விளாசும். அன்றைக்கு நசீர் ஓடிப்போய் மேற்கு முடிச்சுகளை இழுத்தான். நசீரும் நானும் ஒரே வருஷம் கடையில் சேர்ந்தவர்கள். நான் நினைப்பதற்குள் அவன் செய்துவிடுவான். துணி புரண்டு கோயில் சுவருக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கையில் சொம்போடு ஜனங்கள் திறந்த வானத்துக்குக் கீழே நின்றார்கள். மாடியில் பட்டக்காரர்கள் விசில் அடித்தார்கள். தலைவர் மட்டும் மேலே பார்த்தபடியே நிதானமாகச் சொன்னார்: "கூழ் ஊத்தத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அம்மனை ஆகாசத்துக்கு அனுப்ப இல்லை."

கை உதறிய தண்ணீர்

இந்தக் கதை அக்காவின் காதுக்குப் போக அரைநாள்கூட ஆகவில்லை. சித்திரையிலும் இப்படித்தான் அடிக்குமா என்று கேட்டாள். சித்திரைக் காற்று வேறு மாதிரி என்றேன். எப்படி வேறு என்று கேட்டாள். படித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

படித்ததை முதலில் கேட்டு அனுபவித்தவர் எங்கள் டெம்போ டிரைவர் கெம்பண்ணா. சக்லேஷ்புரம் பக்கத்து மலைக்காரர். எங்களோடு இருந்து இருந்து தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் தானாக வந்து உட்காரும். பீன்யாவில் ஒரு தொழிற்சாலைப் பூஜைக்குக் கம்பங்களை ஏற்றிக்கொண்டு போனோம். வானம் சாம்பல் பூசியது மாதிரி இருந்தது, பூச்சி ஊர்வது போல ஒரு தூறல். இந்தக் கறுப்பெல்லாம் ஏன் மழையாக மாறவில்லை தெரியுமா என்று ஆரம்பித்தேன். மேற்குக் கடலிலிருந்து வரும் காற்று வயிறு நிறையத் தண்ணீரோடு வருகிறது. வழியில் மலைத்தொடர். மேலே ஏற ஏறக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அத்தனை ஈரத்தையும் தாங்க முடிவதில்லை. அங்கேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு நம் ஊருக்கு வந்து சேர்கிறது.

கெம்பண்ணா ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் தூறலைப் பிடித்துப் பார்த்தார். அவர் ஊரில் இந்த மாதம் துணியை அடுப்புக்கு மேலே கட்டித்தான் காயவைப்பார்களாம், ஜாடியில் உப்பு தண்ணீராகிவிடுமாம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு புத்தகமா என்பது போல என்னைப் பார்த்தார். "எங்க ஊர்ல கொடம் கொடமா ஊத்திட்டு, கடைசில கைய உதறுறான் பாரு மலை, அந்த நீருதான் நிம்ம பெங்களூருக்கு."

போனுக்குள் வந்த புயல்

ஐப்பசி பிறந்ததும் காற்று கட்சி மாறிவிடும். மேற்கு ஓய்ந்து, கிழக்கிலிருந்து வங்கக் கடலின் ஈரம் வரும். அந்த மாதங்களில் என் போனைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். கடலுக்கு நடுவில் அம்புக்குறிகள் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும். அப்படி ஒரு வட்டம் சென்னைக்கு நேராக நின்ற சமயத்தில் ஓர் ஆட்டோக்காரர் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்று வந்தார். நான் வானத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தேன். துணிப் பந்தல் வேண்டாம், நாளைக்கு விடாமல் கொட்டும், தார்ப்பாய் போட்டுவிடலாம் என்று அடித்துச் சொன்னேன். நீலத் தார்ப்பாயைத் தாழ்வாக இழுத்து, நாலு பக்கமும் இறக்கிக் கட்டினோம்.

ராத்திரியே அந்த வட்டம் வடக்கே திரும்பி ஆந்திராவுக்குப் போய்விட்டது. போகிற போக்கில் எங்கள் ஊர் மேகத்தையும் வாரிக்கொண்டு போயிருக்கிறது. மறுநாள் துடைத்து வைத்த மாதிரி வெயில். தார்ப்பாய்க்குள் போனவர்கள் எல்லோரும் நீலமாகத் தெரிந்தார்கள், வியர்த்து வழிந்தார்கள். கேக்கின் மேலே எழுதியிருந்த பெயர் உருகிக் கீழே இறங்கியது. புயலுக்கு உன் அட்ரஸ் சரியாகக் கொடுத்தாயா என்று நசீர் கேட்டுக்கொண்டே இருந்தான். குழந்தையின் அப்பா கோபப்படவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டு விசிறிக்கொண்டே என்னிடம் வந்தார். "பொறந்தநாள் பிள்ளையாத் தூக்கிட்டு வந்தேண்ணா. அவிச்ச இட்லியாத் தூக்கிட்டுப் போறேன்."

மேலே இன்னொரு பந்தல்

அந்த இட்லிக்குப் பிறகு அக்கா சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. சம்பந்தியம்மா நடுவில் ஒருமுறை போன் செய்து, மண்டபம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம் என்று பட்டும் படாமலும் சொல்லியிருக்கிறார். நித்யா ஒருத்திதான் எனக்காகப் பேசினாள். மழை பெய்தால் ரிசப்ஷன் போட்டோ நன்றாக வரும் என்று சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

தை மாதத்தில் காற்றே இருக்காது. எங்களுக்கு அது விடுமுறை மாதிரி என்று நீங்கள் நினைக்கலாம், நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜீவனஹள்ளியில் ஒரு சின்ன வீட்டுக்குப் புதுமனைப் புகுவிழா. வீடு ராஜகாலுவே என்கிற பெரிய வடிகால் பக்கத்துப் பள்ளத்தில் இருந்தது. மேகமில்லாத ராத்திரியில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி வந்து தேங்கும். அதற்கு மேலே கொஞ்சம் கதகதப்பான காற்று, மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். சுழற்றிவிட ஒரு வீச்சும் கிடையாது. பனி இறங்கிப் பந்தல் துணி ஊறிக் கனத்தது, எல்லோர் கழுத்திலும் சொட்டியது.

விடிவதற்கு முன் சமையல்காரர் விறகு அடுப்பை மூட்டினார். புகை நேராகக் கிளம்பி, முதல் மாடி உயரம் வரை போய், கூரையில் முட்டிக்கொண்டது போல அங்கேயே படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு முதல் மாடியில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் குடியிருந்தார். தலையில் குரங்குக் குல்லாயும் தோளில் சால்வையுமாகப் பால்கனிக்கு வந்து இருமினார். சமையல்காரர் பந்தலைக் காட்டினார். நான் காற்றைக் காட்டினேன். வெயில் ஏறித் தரை சுட்டால்தான் கீழ்க்காற்று எழும்பும், அதோடு புகையும் போய்விடும் என்று அந்த அம்மாவுக்குக் கீழேயிருந்தே விளக்கினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக் குனிந்தார். "நீங்க கட்டினதுக்கு மேல இன்னொரு பந்தல் இருக்குன்றீங்க. அதைப் பிரிக்கறவர் எத்தனை மணிக்கு வருவார்?"

இரண்டு கட்டடத்துக்கு நடுவே

மாசியில் ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனோம். திருநெல்வேலியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளை ஒருவர் புதிதாக வீடு வாங்கியிருந்தார். இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவிலிருந்த திறந்தவெளியில் சாப்பாட்டுப் பந்தல் கேட்டார். வெளியே ரோட்டில் மரத்து இலைகூட அசையவில்லை. உள்ளே நுழைந்தால் என் லுங்கி எனக்கு முன்னால் போகிறது. குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறும் அல்லவா, அதே கதைதான். அகலமாகச் சோம்பலாக வந்த காற்று அந்த இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்திருந்தது.

வாழையிலை ஒவ்வொன்றின் மேலும் தண்ணீர் பாட்டில் வைத்தோம். பாட்டிலோடு இலை போனது. அப்பளம் பரிமாறின கையைவிட்டுக் கிளம்பி நீச்சல் குளத்தில் இறங்கியது. கடைசியில் பந்தலைப் பிரித்துவிட்டு, வண்டி நிறுத்தும் அடித்தளத்தில் கார்களுக்கு நடுவே பந்தி போட்டோம். அந்தப் பிள்ளை ஒரு காரின்மேல் சாம்பார் வாளியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீடு விக்கும்போது நல்ல கிராஸ் வென்டிலேஷன்னு சொன்னானுவ அண்ணாச்சி. நான்தான் இம்புட்டு இருக்கும்னு நெனைக்கல."

அக்கா வீட்டுப் பந்தல்

சித்திரை வந்தது. காலையில் கோயிலில் தாலி கட்டு, சாயங்காலம் எங்கள் சந்தில் வரவேற்பு. அக்கா இதற்கென்றே மஞ்சளும் அரக்குமாகப் புதுத் துணி தைத்து வைத்திருந்தாள். அந்தத் துணியைப் பிரித்தபோது நாங்கள் மூன்று பேரும் கையைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டோம்.

சந்து கிழக்கு மேற்காக ஓடும். மேற்கு முனை ரோட்டில் திறக்கிறது. கிழக்கு முனையை ஒரு இரண்டு மாடி வீடு அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்கு முன்னால் மணமேடை. மேற்கேதான் திறப்பு, எனவே மேற்கேதான் காற்று என்று முடிவு கட்டி அங்கே அவிழ்முடிச்சு போட்டேன். கிழக்கிலும் போட்டுவைப்போம் என்றான் நசீர். மேடைக்குப் பக்கத்தில் குழந்தைகள் ஓடும், எவனாவது விளையாட்டாக நுனியை இழுத்தால் கூரை மணப்பெண் தலையில் வந்து விழும் என்றேன். அது சரியான பேச்சாகத்தான் அவனுக்கும் பட்டது. கிழக்குப் பக்கம் அந்த வீட்டு ஜன்னல் கம்பிகளில் இறுக்கமாகக் கட்டு முடிச்சு போட்டோம், நனைத்த கயிற்றில். காய்ந்தால் இரும்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்யாணப் பந்தலில் நாங்கள் கயிற்றை அறுக்க மாட்டோம். எவ்வளவு இறுகினாலும் நகத்தால் கீறி, பல்லால் கடித்து அவிழ்ப்போம். அறுப்பது என்கிற வார்த்தையையே அந்தக் கூரைக்குக் கீழே யாரும் சொல்வதில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும். கல்யாண வேலைக்குப் போகும்போது பையிலிருந்து கத்தியை எடுத்துக் கடையிலேயே வைத்துவிட்டுப் போவது வழக்கம். அன்றைக்கும் வைத்துவிட்டுத்தான் வந்திருந்தோம்.

மத்தியானம் சம்பந்தியம்மா வந்து பார்த்தார். துணியைத் தடவி, கலர் நன்றாக இருக்கிறது என்றார். அக்காவின் முகம் மலர்ந்தது. பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே அண்ணாந்தார். "காத்து வந்துடும்னு பயந்தேன். இப்போ ஒரு சொட்டுக் காத்து வராதான்னு இருக்கு."

கிழக்கிலிருந்து

அந்த அசையாத புழுக்கம்தான் சித்திரையின் அடையாளம் என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். பகலெல்லாம் சுட்ட தரையிலிருந்து காற்று எழும்பி மேலே போய்க்கொண்டே இருக்கும். அங்கே குளிர்ந்து மேகமாகக் குவியும். தாங்க முடியாமல் மேகம் உடையும்போது மழையோடு சேர்ந்து குளிர்ந்த காற்றும் கீழே விழும். குடத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தால் நாலாபக்கமும் ஓடுகிற மாதிரி அது தரையோடு ஓடும். மழை வருமுன்னே மண்வாசனையும் தூசியும் முகத்தில் அடிக்கிறதே, அது இந்த ஓட்டம்தான். அது எந்தப் பக்கமிருந்து நம்மிடம் வரும் என்பது குடம் எங்கே கவிழ்ந்தது என்பதைப் பொறுத்தது. இவ்வளவும் தெரிந்த நான் சந்து முனையில் நின்று மேற்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கு வானத்தை அந்த இரண்டு மாடி வீடு மறைத்திருந்தது.

மேடையில் நித்யாவும் மாப்பிள்ளையும். பரிசுப் பொட்டலங்களோடு வரிசை நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு நின்றது. அக்கா மேடைப் பக்கமே வரவில்லை. காலையில் கோயிலிலும் தூணுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தாள். சாயங்காலம் சமையல் பக்கம் போய், காய் நறுக்குகிறவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

என் பிடரியில் ஒரு குளிர்ச்சி பட்டது. முகத்தில் இல்லை, பிடரியில். திரும்புவதற்குள் அந்த வீட்டுக் கூரையைத் தாண்டிக் காற்று குதித்து இறங்கிவிட்டது. மேடைக்கு மேலே துணி உப்பியது. மாப்பிள்ளைக்குப் பக்கத்துக் கம்பம் ஆடி, தூக்கி, பலகையில் டங்கென்று குத்தியது. மேற்கு முனையில் கெம்பண்ணா அவிழ்முடிச்சு நுனிகளைப் பிடித்துக்கொண்டு, இழுக்கட்டுமா என்று கையைக் காட்டினார். வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அந்தப் பக்கம் விட்டால் அத்தனை கயிறும் வரிசையில் நிற்கிறவர்கள் முகத்தில்தான். நசீர் மேடையேறிப் பின் ஓரத்துக்குப் பாய்ந்து ஒரு முடிச்சைப் பல்லால் கடித்தான். நானும் ஓடிப்போய் இன்னொன்றைப் பிடித்தேன். அசையவில்லை. நித்யா ஓடாமல் அந்தக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள், மாப்பிள்ளையும் கூடவே. என் நகம் பிய்ந்தது.

அக்கா வந்ததை நான் பார்க்கவில்லை. பூசணிக்காய் விதை ஒட்டிக்கொண்டிருந்த கத்தி ஒன்று என் கைக்குப் பக்கத்தில் நீண்டது. நான் வாங்கவில்லை. மணமக்களையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் இன்னொரு கையில் இன்னொரு கத்தி வைத்திருந்தாள்.

"இது வெறும் கயிறு, மலை," என்றாள். "நீ அதை அறு. நான் இதை அறுக்கிறேன்."

அறுத்தோம். துணி ஒரே மூச்சில் எழும்பி, மஞ்சளும் அரக்குமாக ஆகாயத்தில் ஒரு முறை முழுசாக விரிந்து, கூட்டத்துக்கு மேலேயே புரண்டு, சந்து முனையிலிருந்த டெம்போமேல் போய் விழுந்தது. ஒருவர் தலையிலும் படவில்லை. கம்பம் ஆடுவதை நிறுத்தியது. பின்னாலேயே மழை, பெரிய பெரிய துளிகளாக. யாரும் ஓடவில்லை. எல்லோரும் அக்காவைத்தான் பார்த்தார்கள். புருஷனை இழந்தவள், மகளின் கல்யாணப் பந்தலில், கையில் கத்தி, காலடியில் அறுந்த கயிறு. அது அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருக்கிறது. மேடையைவிட்டு இறங்கப் பின்னால் ஒரு அடி வைத்தாள்.

சம்பந்தியம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினார். நேராக அக்காவிடம் போனார். முந்தானையை எடுத்து அக்காவின் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, முழங்கையைப் பிடித்து நித்யா பக்கம் இழுத்தார். "எங்க சம்பந்தி போறீங்க? அந்தக் கத்தியைக் கீழ வெச்சிட்டு வாங்க, போட்டோ எடுக்கணும்."

\*

அன்றைக்கு நனைந்த இலையில் பாயசத்தோடு மழையையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பரிமாறினது மாப்பிள்ளை; முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அந்தப் போட்டோவில் அக்காவின் புடவையில் பூசணி விதை ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறது. கடையில் அதைத்தான் மாட்டியிருக்கிறாள்.

இத்தனை வருஷம் காற்றைப் படித்ததில் நான் சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது, நாம் பார்த்துக்கொண்டிருக்காத பக்கத்துக்கும் அதற்கு வழி தெரியும் என்பது ஒன்றுதான். மறுநாள் வெயில் ஏறியதும் நசீர் ஒரு நுனியையும் நான் ஒரு நுனியையும் பிடித்து, ஈரத் துணியை உதறி மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டோம். பறக்காமலிருக்க வரிசையாகச் செங்கல் வைக்க ஆரம்பித்தேன்.